நாவுக்குத் துணையாகக் கை

சென்ற மாதம் உறவினர் வீடொன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கே நான்கு வயதுப் பேரன் ஒருவன். காது நன்றாகக் கேட்கிறது, சொல்வதெல்லாம் விளங்குகிறது, பேச்சு மட்டும் வரவில்லை. கட்டை விரலை வாயருகே கொண்டுபோய்த் தண்ணீர் கேட்டான். அவனுடைய உம்மம்மா டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வாயைத் திறந்து தண்ணின்னு கேளு வாப்பா. அப்பத்தான் தருவேன்" என்றார். பிள்ளை உதட்டைக் குவித்தான், முயன்றான், முடியாமல் அழுதான்.

அந்த மூதாட்டி கல்நெஞ்சக்காரர் அல்லர். கையைக் காட்டிப் பழகிவிட்டால் நாக்கு சோம்பிப்போகும், ஊரார் ஊமை என்பார்கள் என்ற பயம் அவருக்கு. அன்று மஃரிபுக்குப் பின் அதே அம்மையார் தஸ்பீஹ் மணியுடன் அமர்ந்திருந்தார். விர்து இடையில் அறுந்துவிடக் கூடாதென்று, பேசாமல் கட்டை விரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியவன் அந்தப் பேரன்தான்! "வாயைத் திறந்து கேளுங்கள்" என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

நமக்கு ஆகுமான ஒன்றை நாவு தயங்கும் பிள்ளைக்கு மறுப்பது நீதியாகுமா? வாசக நேயர்கள் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

"காதுதான் கேட்கிறதே, சைகை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கேட்பது வேறு, பேசுவது வேறு. ஒரு சொல்லை உச்சரிக்க உதடு, நாக்கு, அண்ணம், மூச்சு ஆகிய அனைத்தும் நொடிப்பொழுதில் ஒத்து இயங்க வேண்டும். சில பிள்ளைகளுக்குச் சொல் மனத்தில் இருக்கும். இந்த இயக்கத்தைக் கூட்டும் மூளையின் வேலையில்தான் தடை. கையின் அசைவோ பெரியது, கண்ணுக்குத் தெரிவது. தாய் பிள்ளையின் கையைப் பிடித்துச் சைகையைப் பழக்கலாம்; நாக்கைப் பிடித்துப் பழக்க முடியுமா?

பிரிட்டனில் 1970-களில் மார்கரெட் வாக்கர் என்ற பேச்சுச் சிகிச்சையாளர் உருவாக்கிய மக்கடோன் முறை இத்தகையது. அதில் பேச்சை நிறுத்துவதில்லை. வாயால் முழு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே முக்கியமான சொல்லுக்கு மட்டும் சைகை காட்டுவார்கள்.

நாக்கு சோம்பிவிடும் என்ற அச்சத்தையும் ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். சைகை, படப் பலகை முதலிய துணைகளைப் பயன்படுத்தியோரைப் பற்றிய முந்தைய ஆய்வுகள் 2006-ல் தொகுத்துப் பார்க்கப்பட்டன. உறுதியான சான்று கொண்ட 27 நேர்வுகளில் ஒன்றில்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலானவற்றில், சிறிய அளவிலேனும், கூடியிருந்தது. எனினும் சைகை பழகிய எல்லாப் பிள்ளைகளும் பேசிவிடுவார்கள் என்று யாரும் வாக்களிக்க முடியாது. பேச்சு வராமலே போனாலும், அந்தப் பிள்ளை தன் பசியையும் வலியையும் சொல்லத் தெரிந்தவனாக இருப்பான்.

மார்க்கம் சைகையை இழிவாகக் கருதுகிறதா? மூன்று நாள் மக்களிடம் பேச இயலாதிருந்த நபி ஜகரிய்யா (அலை) அவர்கள், காலையும் மாலையும் இறைவனைத் துதிக்கும்படி தம் சமூகத்தாருக்குச் சைகையாலேயே உணர்த்தினார்கள். மௌன நோன்பிலிருந்த மர்யம் (அலை) அவர்கள் தொட்டிற்குழந்தையைச் சுட்டிக்காட்டிப் பதில் சொன்னார்கள். நம் நாயகம் (ஸல்) அவர்கள் மாதத்தின் நாட்களை இரு கை விரல்களையும் விரித்தும் மடக்கியும் விளக்கினார்கள். உதுமானியர் ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா சட்டத்தொகுப்பின் 70-ஆவது விதி, வாய் பேசாதவரின் அறியப்பட்ட சைகை நாவால் சொன்னதற்குச் சமம் என்கிறது. கொடுக்கல் வாங்கலில் செல்லும் சைகை, குடிதண்ணீர் கேட்கச் செல்லாதா?

எல்லாவற்றிலும் மேலான படிப்பினை நபி மூஸா (அலை) அவர்களின் வரலாற்றில் இருக்கிறது. நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு அவர்கள் ரப்பிடம் கேட்டார்கள். அத்துடன் நிற்கவில்லை, தம்மைவிட நாவன்மை மிக்க சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தருமாறும் கேட்டார்கள். கேட்டது கொடுக்கப்பட்டது. "துணை இருந்தால் உம் நாவு சோம்பிவிடும்" என்று அல்லாஹ் மறுக்கவில்லை. முடிச்சு அவிழ முயல்வதும் துணையை நாடுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தயங்கும் நாவுக்குக் கை ஒரு ஹாரூன் என்று கொள்வோமாக!

ஆகவே பெற்றோர் செய்ய வேண்டியவை சில உண்டு. முதலில் செவியைச் சோதித்துக்கொள்ளுங்கள். பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். 1965-ல் தொடங்கிய மைசூர் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனமும், 2005-ல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் அமைந்த பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இப்பணிக்கென்றே உள்ளவை. சைகையில் தொடங்குவதற்குத் தண்ணீர், சோறு, வலி, போதும், உம்மா, வாப்பா என்ற சில சொற்கள் போதும். சைகை காட்டும்போது சொல்லையும் வாயால் சொல்லுங்கள். பிள்ளை அரைகுறையாக ஒலித்தாலும் மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள அனைவரும் கற்றுக்கொள்ளுங்கள். தாய்க்கு மட்டும் விளங்கும் பிள்ளை, தாய் வெளியே போனதும் ஊமையாகிவிடுகிறது.

ஓதத் திணறுகிறானே என்றும் கலங்க வேண்டாம். சிரமப்பட்டுத் தட்டுத் தடுமாறிக் குர்ஆன் ஓதுபவருக்கு இரு கூலி உண்டு என்பது நபிமொழி. எவரையும் அவரது சக்திக்கு மீறி இறைவன் கட்டாயப்படுத்துவதில்லை. அவன் வைக்காத சுமையைச் சின்னஞ்சிறு நாவின்மீது நாம் ஏன் வைக்க வேண்டும்? ஊரார் என்ன சொல்வார்களோ என்ற பயம் நம்முடையது, தாகம் பிள்ளையுடையது. நம் பயத்துக்காக அதன் தாகத்தைப் பணயம் வைப்பது அமானிதத்துக்கு அழகல்ல.

பேசாத பிள்ளைகளின் உள்ளத்தை விளங்கிக்கொள்ளும் பொறுமையை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.