ஐயம் கற்பிக்கத் தக்கதா?

பள்ளிக்கூடத்திற்கு இரண்டு வேலைகள் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று இடிப்பவை. முன்னோர் கண்டறிந்ததை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது ஒன்று. ஒப்படைத்ததை எடைபோட்டுப் பார்க்கும் திறனை வளர்ப்பது மற்றொன்று. முதலாவதற்கு நம்பிக்கை தேவை. ஆசிரியர் சொல்வதை நம்பாத பிள்ளை எழுத்தையும் எண்ணையும்கூடக் கற்க முடியாது. இரண்டாவதற்கு ஐயம் தேவை. ஒரே ஆசிரியர், ஒரே வகுப்பில், நம்பவும் ஐயப்படவும் சேர்த்துப் பழக்க முடியுமா என்ற கேள்வி பள்ளிகளைவிடப் பழமையானது.

கி.மு. 399-ல் ஏதென்ஸ் நகரம் சாக்ரடீசுக்கு மரண தண்டனை விதித்தது. நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை, இளைஞர்களைக் கெடுத்தார் என்பவை அவர்மீதான குற்றச்சாட்டுகள். அவருடைய மாணவர் பிளேட்டோ, அந்தத் தீர்ப்பை வெறுத்தவர்தான். ஆனாலும் 'குடியரசு' நூலின் ஏழாம் பகுதியில், 30 வயதுக்கு முன் யாருக்கும் தர்க்கத்தைக் கையில் கொடுக்கக் கூடாது என்கிறார். இளைஞர்கள் அதை விளையாட்டாக்கி, நாய்க்குட்டிகளைப் போல அருகில் வருவோரையெல்லாம் கடித்துக் குதறுவார்கள். பிறகு எதையுமே நம்பாதவர்களாகிவிடுவார்கள் என்பது அவர் கவலை. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. எதையும் மறுக்கத் தெரிந்து, ஒன்றையும் நிறுவத் தெரியாத பேச்சு எப்படி இருக்கும் என்பதை இரவு நேரத் தொலைக்காட்சி விவாதம் பார்ப்பவர்கள் அறிவார்கள்.

இந்த அச்சத்திற்கு இந்திய நியாய மரபு வேறு விடை கண்டது. தர்க்கத்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. அதற்கு விதி வகுத்தது. உண்மையை அறிவதற்காக நடப்பது வாதம். வெல்வதற்காக நடப்பது சற்பம். தன் தரப்பு என்று எதையும் நிறுவாமல் எதிராளியை மட்டும் மறுப்பது விதண்டை. இவற்றில் வாதத்தை ஆசிரியரோடும் உடன் பயில்வோரோடும் நடத்தலாம் என்கிறது நியாய சூத்திரம். அது அடுக்கும் 16 பொருள்களில் ஐயம் மூன்றாவது. நிர்ணயம், அதாவது ஆராய்ந்து முடிவுக்கு வருவது, ஒன்பதாவது. ஐயம் அங்கேயே நின்றுவிடுவதற்கு உரியதல்ல, ஒரு முடிவை நோக்கி நடக்க வேண்டியது என்ற கருத்து இந்த வரிசையிலேயே இருக்கிறது.

தமிழ்ச் சமய நூல்களும் இந்த வழியை அறிந்தவை. மணிமேகலை 27-ஆம் காதையில் வஞ்சி நகரத்தில் வெவ்வேறு சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கிறாள். 29-ஆம் காதையில் அறவண அடிகள் அவளுக்கு அளவை இலக்கணத்தை, எது சரியான ஏது, எது போலி என்பதை, விரிவாகச் சொல்கிறார். நோன்பு அதன் பிறகுதான். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரிலும் பிற சமயங்களைப் பேசும் பரபக்கம் முதலில் வருகிறது. தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் அடுத்து. நம்பிக்கையும் ஆராய்ச்சியும் ஓரிடத்தில் இருக்க முடியாது என்பவர்களுக்கு இவை போதுமான மறுப்பு. ஆனால் இதற்கு எல்லையும் உண்டு: பரபக்கம் எழுதப்பட்டது மறுப்பதற்காகவே. எந்த முடிவில் போய் நிற்கும் என்பது முன்பே தெரியும்.

முடிவு முன்கூட்டித் தெரியாத உரையாடலைச் சிறுவர்களிடம் கொண்டுபோனவர் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் மேத்யூ லிப்மன். பல்கலைக்கழக வயதில் தர்க்கம் கற்பிப்பது காலம் கடந்த வேலை என்று அவருக்குத் தோன்றியது. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்காக அவர் எழுதிய கதையில், ஹாரி என்ற சிறுவன் வகுப்பில் கனவு கண்டுகொண்டிருக்கிறான். நீண்ட வாலோடு 77 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிவருவது எது என்று ஆசிரியர் கேட்கிறார். கோள்கள் எல்லாம் சூரியனைச் சுற்றும் என்று கேட்டது நினைவுக்கு வர, அதுவும் ஒரு கோள்தான் என்கிறான்; வகுப்பு சிரிக்கிறது. எல்லாக் கோள்களும் சூரியனைச் சுற்றுகின்றன என்பதால், சூரியனைச் சுற்றுவதெல்லாம் கோள் ஆகிவிடாது என்பதை அவன் பிறகு தானே கண்டுபிடிக்கிறான். பிள்ளைகள் இந்தக் கதையை முறைவைத்து வாய்விட்டுப் படிப்பார்கள். தமக்கு எழும் கேள்விகளைச் சொல்வார்கள். கேட்டவர் பெயரோடு அவை கரும்பலகையில் ஏறும். பிறகு வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். 1974-ல் நியூ ஜெர்சியின் மான்ட்கிளேர் கல்லூரியில் இதற்கென ஒரு நிறுவனம் எழுந்தது. இங்கிலாந்தில் 48 பள்ளிகளில் நடந்த ஆய்வு, இம்முறையால் வாசிப்பும் கணக்கும் ஓரளவு முன்னேறியதாக 2015-ல் தெரிவித்தது; பிறகு ஏறக்குறைய 200 பள்ளிகளில் செய்து பார்த்தபோது வாசிப்பில் முன்னேற்றம் தெரியவில்லை. மதிப்பெண்ணை உயர்த்தும் மருந்தாக இதை விற்பது தவறு.

வகுப்பில் கடவுள் பற்றிய கேள்வி எழும்போதுதான் ஆசிரியருக்குச் சங்கடம். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-ஆம் ஆண்டின் திருத்தம் அரசமைப்பில் 51ஏ பிரிவைச் சேர்த்தது. விரும்பிய சமயத்தைப் பின்பற்றும் உரிமையை 25-ஆம் பிரிவு தருகிறது. இரண்டையும் ஒருங்கே மதிக்க வழி உண்டு: விடை சொல்வதற்கு முன் கேள்வியைப் பிரித்துப் பார்ப்பது. கிரகணத்தின்போது சமைத்த சோறு கெட்டுவிடுமா என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்று சமைத்த சோற்றில் ஒரு கிண்ணத்தைக் கிரகண நேரத்திலும், மறுநாள் அதே அரிசியில் அதேபோலப் புதிதாகச் சமைத்ததில் இன்னொரு கிண்ணத்தை அதே நேரம் அதே அளவு பொழுதும் வைத்துப் பார்க்கலாம் என்பது வரை வகுப்பே பேசிக் கண்டுபிடித்துவிடும். எல்லாவற்றையும் கடவுள் படைத்தார் என்றால் கடவுளைப் படைத்தது யார் என்பது அப்படிப்பட்டதல்ல. அதற்குச் சோதனை இல்லை. வெவ்வேறு மரபுகள் சொன்ன விடைகளும் அவற்றுக்கான காரணங்களும் உண்டு. அதிகப்பிரசங்கி என்று அந்தப் பிள்ளையை உட்கார வைப்பதும், பகுத்தறிவின் பெயரால் வீட்டு வழிபாட்டைக் கிண்டல் செய்வதும் ஒரே பிழைதான். இரண்டிலும் பேச்சு அடங்கிப்போகிறது.

ஆசிரியர் மாறாமல் வகுப்பு மாறாது என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் நல்ல சான்று. 1972-ல் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில், கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் ஆகிய அமைப்புகள் இதைத் தொடங்கின. பாடத்தை ஒப்பிப்பதற்குப் பதில் பிள்ளைகள் குழுவாகச் சோதனை செய்து கண்டதை எழுதினார்கள். விலை கூடிய கருவிகள் தேவைப்படவில்லை; தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் கொண்டு வடிவியல் உருவங்கள் செய்தார்கள். சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் கேள்விகளைக் கடிதமாக எழுதினார்கள், பதிலும் போயிற்று. இவற்றைவிட முக்கியமானது ஆசிரியர் பயிற்சி. மாணவர் செய்யப்போகும் அதே சோதனைகளை ஆசிரியர்கள் முதலில் தாங்களே செய்து, ஒரு குழுவின் முடிவு இன்னொரு குழுவுக்கு ஏன் வரவில்லை என்று வாதிட்டார்கள். மாதந்தோறும் கூடி, வகுப்பில் எழுந்த சிக்கல்களைப் பேசினார்கள். தெரியாது, பார்ப்போம் என்று பிள்ளைகள் முன் சொல்லும் துணிவு சுற்றறிக்கையால் வருவதில்லை. சக ஆசிரியர்களிடம் அப்படிச் சொல்லிப் பழகியவர்களுக்கே அது வாய்க்கும்.

தேர்வும் மாறியது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. நம் பள்ளிகளில் சிந்தனைத் திறன் பற்றிய பயிற்சி முகாம்கள் பெரும்பாலும் வீணாவது இந்த இடத்தில்தான். பாடத்தின் பின்பக்கக் கேள்வியே வினாத்தாளில் வரும் என்று தெரிந்த பிறகு, ஆசிரியர் நோட்ஸ் கொடுப்பதையும் மாணவர் அதை மனப்பாடம் செய்வதையும் குறைசொல்லிப் பயனில்லை. வினாத்தாளைத் தொடாத சீர்திருத்தம் ஒன்றும் செய்யாது.

ஹோசங்காபாத் திட்டம் பின்னர் ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவியது. 30 ஆண்டுகள் நடந்த பின், 2002-ல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டு, அந்தப் பள்ளிகளிலும் மற்றப் பள்ளிகளின் பாடநூலையே வைத்தது.