மடவைக்கு நோன்பு உண்டா?

மலேசியாவில் நெகிரி செம்பிலானுக்கும் மலாக்காவுக்கும் எல்லையாக ஓடும் லிங்கி ஆற்றைப் போன்ற கழிமுகங்களில், அலையாத்தி வேர்களுக்கு நடுவே இரண்டு வகை மீன்குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே இரையில் வாழ்வைத் தொடங்குகின்றன. ஒன்று மடவை, மலாய்க்காரரின் பெலானாக். மற்றது கொடுவா, சந்தையில் சியாக்காப். விரல்நக அளவில் இருக்கும்போது இரண்டும் நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரினங்களைப் பிடித்தே தின்னும். பிறகு வழி பிரிகிறது. கொடுவா இறாலுக்கும் மீனுக்கும் மாறுகிறது. தன் இனக் குஞ்சையும் விழுங்கத் தயங்காது. மடவையோ வேட்டையை விட்டு, சேற்றில் படிந்த பாசியையும் மட்கிய இலைதழையையும் வாரி உண்ணத் தொடங்குகிறது. அதற்கேற்பக் குடல் உடலைவிடப் பல மடங்கு நீள்கிறது. கோழி வயிற்றில் கல்லும் மணலும் தீனியை அரைப்பதுபோல, விழுங்கிய மணலே பாசியை அரைக்கிறது.

தோட்டத்துக் கோயில்களில் முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரு தரப்பும் இயற்கையைத்தான் துணைக்கு அழைக்கின்றன. பெரிய மீன் சின்ன மீனைத் தின்பதுதானே உலகம் என்கிறது ஒரு தரப்பு. உயிர் முதிர்ந்தால் புலால் தானே கழன்றுவிடும் என்கிறது மற்றது. ஒரே நீரில் வளரும் இந்த இரு மீன்களும் ஆளுக்கொரு பக்கம் சாட்சி சொல்கின்றன. அப்படியானால் இரண்டு சாட்சியமும் செல்லாது. மடவை கொல்லாமையைத் தேர்ந்துகொள்ளவில்லை, அதன் குடல் தேர்ந்தது. கொடுவாவும் பாவம் செய்யவில்லை.

சைவ சித்தாந்தம் பேசும் மலபரிபாகமும், அதாவது ஆன்மாவைப் பற்றிய மலம் பக்குவப்பட்டு நீங்கும் நிலையும், இத்தகைய இயல்பான கனிவுதானே என்று கேட்கலாம். கேள்வி வலுவானது. ஆனால் மடவை பழைய இரைக்கு முழுதாகத் திரும்புவதில்லை. புலால் விட்ட மனிதனோ அடுத்த விருந்திலேயே திரும்ப முடியும். அவன் பல்லும் குடலும் மாறவில்லை. அதனால்தான் அவன் விரதம் ஒவ்வொரு வேளையும் புதிதாக எடுக்கப்படுகிறது. வள்ளுவர் புலால் மறுத்தலை இல்லறவியலில் வைக்காமல் துறவறவியலில் வைத்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: அது மனமறிந்து ஏற்கும் நிலை, வயது கொண்டுவந்து தருவதல்ல.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. ரப்பர் காட்டில் நாட்கூலிக்குப் பால் வெட்டியவருக்குக் கஞ்சியும் கருவாடும்தான் கிடைத்தன என்றால், அங்கே தேர்வு எங்கே இருந்தது? இல்லைதான். அந்தக் கருவாட்டைக் குற்றமென்றும், இறைச்சி வாங்க வழியில்லாத வாரங்களை நோன்பென்றும் சொல்வது இரண்டும் அநியாயம்; கூலி நீட்டிய உணவு அது, மடவைக்குக் குடல் நீட்டியதைப் போல. சந்தையில் எதையும் வாங்க முடிகிற அவர்களின் பேரப்பிள்ளைகளிடம்தான் புலால் வேண்டுமா என்ற கேள்வி முதன்முதலாக அறக்கேள்வியாக வந்து நிற்கிறது. கிடாவுக்குப் பதிலாகக் குங்குமம் தடவிய நீற்றுப்பூசணியை வெட்டும் பூசாரியின் கையில் இருப்பதும் அதே அரிவாள்தான். ஆட்டை வெட்டவும் அதற்குக் கூர் போதும்.