இன்றைய பனி

பிறருக்குக் கேடு செய்யாத சந்தோசத்திடம் கணக்குக் கேட்கலாமா? கூடாது என்பது ஒரு கட்சி. எந்தச் சந்தோசமும் யாரையாவது தொடாமல் வருவதில்லை, ஆகவே கேட்டேயாக வேண்டும் என்பது மறு கட்சி. இந்த வழக்கை விசாரிக்க நான் எடுத்துக்கொள்வது நம்மவர்க்குப் பழக்கமில்லாத பனிச்சறுக்கு. பழக்கமில்லாததே வசதி, நமது விருப்பு வெறுப்புகள் குறுக்கே வந்து நிற்கா. நான் பனியைப் படத்திலும் பாடப் புத்தகத்திலும் கண்டவன். கையால் தொட்டவனல்லன். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

இடம் காஷ்மீரிலுள்ள குல்மார்க். பாராமுல்லா மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீற்றர் உயரத்தில், கிண்ணம் போன்று அமைந்த புல்வெளி. மலர்வெளி என்று பெயருக்குப் பொருள். மாரியில் மலருமில்லை, புல்லுமில்லை, எல்லாம் வெண்மை. ஆங்கிலேயர் 1927இல் இங்கே சறுக்குக் கழகம் ஒன்றை நிறுவினார்கள். 1998இல் கேபிள் கார் முதற் கட்டம் ஓடத் தொடங்கியது. 2005இல் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையின் தோள்வரை, அதாவது ஏறக்குறைய 3,950 மீற்றர் வரை, ஆட்களை ஏற்றிச் சென்றது. அதன் பின்னர்தான் தூர தேசத்துச் சறுக்குக்காரர்கள் குல்மார்க்கைத் தேடி வரலானார்கள்.

அவர்கள் காலையில் கண் விழித்ததும் கேட்பது ஒன்றுதான். இன்று பனி எப்படி? இரவு எத்தனை அங்குலம் விழுந்தது, காற்று எந்தப் பக்கம், மேற்கட்டம் திறக்குமா என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். கடுங்குளிரில் விழும் புதுப்பனி மாவைப் போல உலர்ந்திருக்கும். அதில் பத்தில் ஒன்பது பங்கு, சில வேளை அதற்கும் மேலாக, வெறும் காற்றே. சறுக்குக் கட்டை அதற்குள் அமிழ்ந்து மிதக்கிறது. நிலத்தில் நிற்கிறோம் என்ற உணர்வே அற்றுப் போகும் என்று சறுக்கியவர்கள் எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் பனிக்கு ஆயுள் குறைவு. வெயில் பட்டால் மேலே ஓடு கட்டும், காற்றடித்தால் இறுகும், முன்னால் பத்துப் பேர் போய்விட்டால் உழுத வயலாகிவிடும். நேற்றைய பனியை இன்றைக்கு எடுத்து வைக்க முடியாது.

எனக்கு இந்தச் சந்தோசத்தின் மேல் ஒரு மதிப்பு உண்டு. சேர்த்து வைக்க முடியாத எதையும் மனிதன் கொஞ்சம் பணிவோடுதான் அனுபவிக்கிறான். நகையை அப்படி யாரும் அனுபவிப்பதில்லை. அத்தோடு இது சொந்தக் காலால் பெறும் சந்தோசம். விழுந்து எழும்பிப் படிக்க வேண்டியது. சோம்பேறிக்கு இதில் இடமில்லை.

இனி மலையடிவாரத்துக்கு வருவோம். அதே பனி அங்கே வேறு பெயரில் அழைக்கப்படாவிட்டாலும் வேறு பொருள். டிசம்பர் 21 முதல் 40 நாட்களைக் காஷ்மீரிகள் 'சில்லை கலான்' என்பார்கள், பெருங்குளிர்க் காலம் என்று. அந்த நாட்களில் மலையில் விழும் பனி குளிரில் இறுகிக் கிடந்து, வசந்தத்தில் மெல்ல மெல்லக் கரைந்து ஓடைகளுக்கும் ஜீலம் நதிக்கும் இறங்குகிறது. நெல்லும் அப்பிள் தோட்டங்களும் அதை நம்பியவை. காலம் பிந்தி, பெப்ரவரி கடைசியில் விழும் பனிக்கு அந்தப் பொறுமை கிடையாது. வெயில் ஏற ஏற ஓடிவிடும். சறுக்குபவருக்கு ஒரு நாட் காலை விளையாட்டு. விவசாயிக்கு ஆறு மாதத்துக்குப் பிந்திய சோறு. மலைக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

2024 ஜனவரியில் அந்தப் பனி வரவில்லை. சில்லை கலான் ஏறக்குறைய முழுவதும் வறண்டு போயிற்று. குல்மார்க் சரிவுகள் பழுப்பு நிறமாகக் கிடந்த படங்களைப் பத்திரிகைகள் வெளியிட்டன. உல்லாசப் பயணிகள் தங்கள் பதிவுகளை ரத்துச் செய்தார்கள். அதே நாட்களில் பள்ளத்தாக்கின் பல இடங்களில் மழைத் தொழுகை நடந்தது, துஆக் கேட்கப்பட்டது. இரண்டு கூட்டத்தாருக்கும் வேண்டியது ஒரே பொருள்தான். ஆனால் ஒரு கூட்டம் காசு கொடுத்த சரக்கு வந்து சேரவில்லை என்று முறைப்பட்டது. மற்றக் கூட்டம் கையேந்தி நின்றது. சந்தோசத்தின் குற்றம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினால் எனக்கு அகப்படுவது இந்த இடம். சறுக்குவதில் குற்றமில்லை. வானம் தனக்குக் கடன்பட்டிருக்கிறது என்ற நினைப்பு வந்து சேருகிறதே, அதில்தான் கோணல் இருக்கிறது.

அந்த நினைப்பு பணத்தோடு சேர்ந்தால் என்ன செய்யும் என்பதற்கு உதாரணம் தூரத்தில் இருக்கிறது. நீரையும் அழுத்திய காற்றையும் குழாய் வழியே உறைகுளிரில் பீச்சினால் பனிமணிகள் விழும். 2022 பெய்ஜிங் மாரிகால ஒலிம்பிக் போட்டிகள் ஏறத்தாழ முழுவதும் இவ்வாறு செய்யப்பட்ட பனியில் நடந்தன. மலைச் சறுக்குப் போட்டி நடந்த யான்சிங் வரண்ட பிரதேசம். அங்கே மலைக்குக் குழாயில் நீர் ஏற்றினார்கள். இந்தியாவின் சார்பில் அந்தப் போட்டிகளுக்குச் சென்ற ஒரே வீரர் ஆரிப் கான், குல்மார்க்கின் வாசலிலுள்ள தங்மார்க் பகுதியைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை குல்மார்க்கில் சறுக்கு உபகரணக் கடை வைத்திருந்தவர். பெப்ரவரி 13இல் பெருஞ்சறுக்கு ஓட்டம். அன்று பார்த்து வானத்திலிருந்து உண்மைப் பனி கொட்டியது. பாதை தெரியவில்லை, பலர் ஓட்டத்தை முடிக்கவில்லை, இரண்டாம் சுற்றுப் பிந்திற்று. ஆரிப் கான் 45ஆம் இடத்தில் முடித்தார். செய்த பனியின் மேல் பெய்த பனி இடைஞ்சலாகிப் போன அந்த நாளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. போட்டிக்காரருக்கு ஒரே சீரான, இறுகிய தளம் வேண்டும் என்பது நியாயந்தான், அதை மறுக்கவில்லை. ஆனாலும் அந்தத் தளத்தில் 'இன்று பனி எப்படி' என்று எழும்பிக் கேட்க ஒன்றுமில்லை. பதில் முந்திய இரவே தயாராகிவிடுகிறது.

குல்மார்க்கின் பெருஞ்சரிவுகளில் அப்படி இல்லை. அங்கே அந்தக் கேள்விக்கு உயிர் பணயம். கொட்டும் பனி சறுக்குக்காரனுக்கு எந்தக் காலையில் அதிக இன்பம் தருமோ, பெரும்பாலும் அதே காலையில்தான் பனிச்சரிவு அபாயமும் அதிகம். 30 பாகையிலிருந்து 45 பாகை வரை சாய்ந்த சரிவே சறுக்கச் சுவையானது. பனி பெயர்ந்து விழுவதும் பெரும்பாலும் அதிலேயே. மாரியின் தொடக்கத்தில் மெல்லியதாக விழுந்த பனி நெடுநாட் குளிரில் சீனியைப் போல உதிரியாகிவிடும். அதன் மேல் புதுப்பனி கனமாக ஏறினால், மணல் மேல் வைத்த பலகை மாதிரி. ஒரு மனிதனின் பாரம் போதும். சிக்கி இறந்தவர்களில் பெரும்பாலானோர் விடயத்தில், சரிவைக் கிளப்பியது அவரே அல்லது அவர் கூட வந்தவரே. 2010 பெப்ரவரியில் குல்மார்க்கின் மேற்சரிவில் 17 இராணுவத்தினர் புதையுண்டு இறந்தார்கள். 2023 பெப்ரவரி முதலாந் திகதி போலந்து நாட்டவர் இருவர். 2024 பெப்ரவரியில், கேட்டு நின்ற பனி கடைசியில் வந்து சேர்ந்த பின்னர், ரஷ்ய நாட்டவர் ஒருவர்.

அபாயத்தை 5 படிகளாகக் கணித்து அறிவிக்கும் முறை உலகின் பல மலைகளிலும் உண்டு. ஐந்தாம் படியில் மரணம் மிகுதி என்று எண்ணத் தோன்றும். அன்று யாரும் மேலே போவதில்லை. பல நாடுகளில் அதிகம் பேர் இறப்பது மூன்றாம் படியில். போகலாம் போலவும் இருக்கும், போகக் கூடாது போலவும் இருக்கும். ஆசை அங்கே வக்கீலாகிவிடுகிறது.

விடயம் தெரிந்த வழிகாட்டிகள் சரிவில் இறங்குமுன் மண்வாரியால் குழி தோண்டிப் பனியின் அடுக்குகளை விரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். உதிரி அடுக்கு அகப்பட்டால் திரும்பிவிடுகிறார்கள். ஆயிரமாயிரம் மைல் பறந்து வந்து, பணங்கொடுத்து, கண்ணெதிரே தொடாத சரிவு விரிந்து கிடக்கத் திரும்பிவிடுவது! சந்தோசத்துக்கு நியாயம் கேட்கும் வழக்கில் எனது சாட்சி இந்தத் திரும்புகிறவன். பனியை அவன் தன் ஆசைக்கேற்ப அல்ல, அது இருக்கிறபடி வாசிக்கிறான். பனிச்சறுக்கைப் பணக்காரன் பொழுதுபோக்கு என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லாமல் போவதும் இவனால்தான். நம்மில் எத்தனை பேர் ஆசையின் வாசல்வரை போய், தோண்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறோம்?

இன்னொருவர் மிச்சம் இருக்கிறார். சறுக்கத் தெரியாத பயணிகளை மரச் சறுக்குவண்டியில் இருத்தி, கயிற்றைப் பிடித்து மேட்டில் இழுத்துச் செல்லும் கூலியாளர். குல்மார்க்கில் இவர்கள் நிறையப் பேர். மனிதனை மனிதன் இழுப்பதா, அதில் ஏறுவது பாவம் என்று மனச்சாட்சியுள்ள பயணி நடந்தே போய்விடுகிறான். அவனுடைய மனச்சாட்சிக்கு அது நல்லது. வண்டிக்காரர் வீட்டு அடுப்புக்கு அல்ல. 2024 ஜனவரியில் வறண்ட புல்வெளியில் சறுக்குவண்டிக்கு வேலையே இருக்கவில்லை. விடியற் காலையில் மலையைப் பார்த்து 'இன்று பனி எப்படி' என்று கேட்பவர்களில் இவரும் ஒருவர். ஹோட்டல் யன்னலுக்குள் நிற்பவனுக்கு முன்னதாகவே கேட்டிருப்பார்.

அந்த வண்டியில் ஏறுவதா வேண்டாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், ஏறுவேன் என்பேன். கேட்ட கூலியைக் கொடுத்து ஏறுவேன். மேடு வரும்போது இறங்கி நடப்பேன்.