மலைக்கு நடை சாத்தும் மாதங்கள்

ராஜமலையில் வரையாடு குட்டி போடும் காலமும், சென்னையில் என் கொழுந்தனார் பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்து ஓய்வு கிடைக்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. அவர்களுடையது சி.பி.எஸ்.இ. பள்ளி. மார்ச் நடுவில் தேர்வு முடிந்தால் ஏப்ரல் பிறந்ததும் அடுத்த வகுப்பு. மே மாதம் போகலாமே என்றால், அப்போது மூணாற்றில் கால் வைக்க இடமிருக்காது, அறை வாடகையும் ஏறிவிடும் என்கிறார் அவர். பங்குனியில் மூன்று நாள் என்று பேச்சு தொடங்கி, மதுரையிலிருந்து போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம் வழியாக ஏறுவது, மூட்டுவலிக்கார மாமியாருக்குத் தரைத்தள அறை எடுப்பது என்று வளர்ந்தது. ராஜமலை அடங்கிய இரவிகுளம் தேசியப் பூங்கா மட்டும் இசையவில்லை. வழக்கமாகப் பிப்ரவரி தொடங்கி மார்ச் முடியும் வரை, குட்டி ஈனும் காலம் என்று அங்கே பயணிகளை விடுவதில்லை.

“அண்ணி, டிக்கெட் வாங்கி, வனத்துறை பஸ்லயே மேல போய், தார் ரோட்டுல நின்னு பார்த்துட்டு வரப்போறோம். அதுல ஆட்டுக்கு என்ன குறைஞ்சு போகுது?” என்று போனில் கேட்டார் கொழுந்தனார்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை முந்திக்கொண்டார். “பிள்ளை பெத்தவ இருக்கிற அறையில ஊரே போய் நின்னா, அவ எப்படிப்பா பால் குடுப்பா?”

அத்தையின் பதில் இரக்கத்திலிருந்து வந்தது. எனக்கு அதில் முழுச் சம்மதம். ஆனாலும் கொழுந்தனாரின் கேள்விக்கு அது விடையாகாது. ராஜமலை ஆடுகள் மனிதரைக் கண்டு மிரளுவதில்லை, பாதையோரத்திலேயே மேய்கின்றன என்பது அங்கே போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்வது. பார்ப்பதால் தீங்கு வரும் என்று காட்டுங்கள், ஒதுங்கிக்கொள்கிறேன் என்கிறார் அவர். நேர்மையான மனிதர், கேள்வியும் நேர்மையானது. தீங்கு உண்டா இல்லையா என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் யார் நிற்க வேண்டும், ஆசைப்படுகிறவரா, அந்த இடத்தில் வாழ்கிற உயிரா? இதை நான் வனத்துறையின் விதி சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் நினைக்கவில்லை. இது அறக்கேள்வி, மிகப் பழைய கேள்வி.

நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவள். கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதுண்டு. மாங்குளத்துக் குகைத்தளத்தில் சமணத் துறவிகளுக்காகக் கல்லில் வெட்டிய படுக்கைகளையும், அவற்றோடு சேர்ந்த தமிழ்ப் பிராமி எழுத்துகளில் நெடுஞ்செழியன் பெயரையும் காட்டியிருக்கிறேன். ஓரிடத்தில் தங்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டியவர் சமணத் துறவி. வீடும் ஊரும் பற்றாகிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த நடை. அப்படிப்பட்டவர் மழைக்காலத்தில் நான்கு மாதம் நடையை நிறுத்தி ஓரிடத்தில் தங்குகிறார். சாதுர்மாஸ்யம் என்று பெயர். மழை பெய்தால் மண்ணெங்கும் புழுவும் பூச்சியும் முளையுமாக உயிர் பெருகிவிடும், மிதிபடும் என்பதுதான் காரணம். எந்த அடியில் எந்தப் புழு சாகும் என்று கணக்கெடுத்துவிட்டு அவர் நிற்கவில்லை. தன் காலடியில் என்ன இருக்கிறதென்று தன்னால் அறிய முடியாது என்பதே அவர் நிற்பதற்குப் போதுமான காரணமாக இருந்தது.

பௌத்தத்திலும் இந்த விதி உண்டு. அது வந்த விதத்தை விநயபிடகம் சொல்கிறது. மழைக்காலத்திலும் பிக்குகள் நடந்து திரிந்து பச்சைப் புல்லை மிதிக்கிறார்கள், சிற்றுயிர்களைக் கொல்கிறார்கள் என்று ஊர்மக்கள் குறைசொன்னார்களாம். அதைக் கேட்ட புத்தர், மழைக்காலத்தில் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்று விதித்தார். வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் நான் சற்று நின்றுவிடுவேன். பிக்குகள் வேடிக்கை பார்க்கப் போகவில்லை, அறம் சொல்லப் போனார்கள். அதைவிட நல்ல காரணம் ஒரு பயணத்துக்கு இருக்க முடியாது. அந்தக் காரணமும் புல்லுக்கும் பூச்சிக்கும் முன்னால் மூன்று மாதம் ஒதுங்கி நின்றது.

ராஜமலையில் மழைக்குப் பதில் மாசியும் பங்குனியும், புழுவுக்குப் பதில் வரையாடு. வேறென்ன வித்தியாசம்? மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத விலங்கு அது. பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரே குட்டி. சிறுத்தையோ செந்நாயோ வந்தால் தாய்க்குத் தப்பிக்க வழி செங்குத்தான பாறைதான். பிறந்து சில நாளான குட்டியும் அதே பாறையில் கால் ஊன்றக் கற்றாக வேண்டும். தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இந்தப் பூங்காவுக்குள்தான் நிற்கிறது. பூங்காவின் மொத்தப் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். அதில் ராஜமலைப் பக்கம் மட்டுமே நமக்குத் திறந்திருக்கிறது.

அந்த மலையின் பழைய கதையையும் கொழுந்தனாரிடம் சொன்னேன். ஒருகாலத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார்கள் வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்த காடு அது. முதுவர் குடியைச் சேர்ந்தவர்கள் அதன் காவலர்களாக இருந்தார்கள். 1971-இல் கேரள அரசு சட்டம் இயற்றி, அந்தக் காடு அடங்கிய கண்ணன் தேவன் மலைநிலங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1975-இல் அந்த வேட்டைக்காடு சரணாலயம் ஆயிற்று, 1978-இல் தேசியப் பூங்கா. சுடுவதற்காகக் காத்தவர்கள் போய், பார்ப்பதற்காகக் காப்பவர்களின் காலம் வந்தது. துப்பாக்கிக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் நான் விரும்பும்போது மலை எனக்குக் கிடைக்க வேண்டும் என்ற நினைப்பு துப்பாக்கி வைத்திருந்தவரிடமும் இருந்தது, நம்மிடமும் இருக்கிறது. என்னைக் கவலைப்பட வைப்பது அந்த நினைப்பு.

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சித்தப்பா பக்கம் பேசினாள். “வரையாடு நம்ம மாநில விலங்குன்னு புக்ல படிக்கிறோம். கண்ணால பார்க்காம அது மேல எப்படிம்மா பாசம் வரும்?” அவள் சொல்வதில் பாதி உண்மை. பாராத உயிருக்காக வாதாட வருகிறவர் குறைவு. அதனால்தான் பூங்காவை மூடியே வைக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏறக்குறைய பத்து மாதம் திறந்திருக்கிறது, போவோம், கண் நிறையப் பார்ப்போம். மீதி இரண்டு மாதம் பாராமல் இருக்கப் பழகுவதும் அந்தப் பாசத்தில் சேர்ந்ததுதான் என்று அவளிடம் சொன்னேன்.

மதுரைக்காரர்களுக்கு இது புதிதாகப் படக் கூடாது. மீனாட்சியம்மன் கோயிலில் உச்சிப்பொழுது கடந்தால் நடை சாத்திவிடுவார்கள். எவ்வளவு தொலைவிலிருந்து வந்தவரும் மாலை வரை காத்திருந்துதான் தரிசனம் செய்கிறார். இரவில் சொக்கநாதரின் பாதம் பல்லக்கில் பள்ளியறைக்குப் போனபின், அன்றைக்கு அவ்வளவுதான். தெய்வத்துக்கும் தனிமை உண்டு, அதன் நேரத்தை நாம் வகுப்பதில்லை என்று அந்த வழக்கம் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. திருவண்ணாமலையில் மலையே சிவன் என்பதால் அதைச் சுற்றி வந்து கும்பிடுகிறோம். உச்சியில் நின்று படமெடுத்தால்தான் மலை கிடைத்தது என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

நம் பக்தி எப்போதும் இப்படி அடங்கி நின்றதில்லை என்பதும் எனக்குத் தெரியும். இதே மாசி பங்குனி மாதங்களில்தான் கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியில் ஆயிரக்கணக்கானவர்கள் ஏழு மலை ஏறுகிறார்கள். அது யானைகள் நடமாடும் காடு. பையில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று அடிவாரத்தில் சோதனை போட வேண்டியிருக்கிறது. சிவனைப் பார்க்கப் போகிறோம் என்பதால் காடு நமக்கு வழிவிட்டாக வேண்டும் என்று நினைப்பது எனக்குச் சம்மதமில்லை. புனிதப் பயணம் என்றாலே எல்லா வாசலும் திறந்துவிட வேண்டும் என்றால், அந்தப் பிக்குகள் எதற்காக நின்றார்கள்?

கொழுந்தனார் என் வாதத்தை முழுக்க ஏற்கவில்லை. “மே மாசமே வர்றோம் அண்ணி, ஆனா ரூம் நீங்கதான் பார்க்கணும்” என்று மட்டும் சொன்னார். அது எனக்குப் போதும்.

குடும்பத்தோடு இரவிகுளம் போக நினைக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பூங்கா திறக்கும் தேதியைக் கேரள வனத்துறை ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கும். முதலில் அதைப் பாருங்கள், பிறகு விடுப்புக்கு எழுதுங்கள், அறை எடுங்கள். நீங்கள் போகும்போது குட்டிகள் தாயோடு பாதையோரம் மேயக்கூடும். பிஸ்கட் நீட்டாதீர்கள், தொடாதீர்கள், படத்துக்காக நெருங்காதீர்கள். உடன் வரும் பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போங்கள்.