மரபணு மாற்றமும் வினைக்கொள்கையும்

உயிர்கள் எடுக்கும் உடம்புகள் யாவும் அவ்வவற்றின் இருவினைக்கு ஈடாக இறைவன் மாயையினின்றும் கூட்டியருள்வன என்பது சித்தாந்தத் துணிபு. அவ்வுடம்பின் அமைப்பை மனிதரே மாற்றவல்ல மரபணு நூல் இந்நாளில் வளர்ந்துவருதலின், ‘பிறப்பிலேயே அமைந்த நோயைக் கருவியால் நீக்கிவிடின், வினை பொய்த்ததாகாதோ?’ என வினவுவார் உளர். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் அந்நூலின் இயல்பு அறியற்பாலது. உடம்பை ஆக்கும் உயிரணுக்களுள் நுண்ணிய மரபிழை உளது. அதன்கண் நால்வகை மூலக்கூறுகள் எழுத்துக்கள்போல நிரல்பட நிற்கின்றன. மனிதர்பால் அவை ஏறத்தாழ 300 கோடி. உடம்பிற்கு வேண்டும் புரதத்தைச் சமைக்கும் விதியாய் நிற்கும் பகுதியே மரபணு. அதில் ஓரெழுத்துப் பிறழினும் சிலவிடத்து நோயாய் முடியும். 1978-இல் மனித இன்சுலினுக்குரிய மரபணுவை நுண்ணுயிரினுட் புகுத்தி, இன்சுலினை அதனைக்கொண்டே செய்வித்தனர். 1982-இல் அது நீரிழிவுக்கு மருந்தாக இசைவு பெற்றது. குறித்த இடத்தில் மரபிழையை அறுக்கும் கிரிஸ்பர் என்னுங் கருவியை 2012-இல் வெளியிட்ட சார்பெந்தியே, டௌட்னா என்னும் மாதரிருவர் 2020-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இம்மரபணு நூல் மருந்தாய்ப் பயன்பட்டமைக்குத் தொண்டைநாட்டு வேலூரிலேயே சான்றுளது. ஹீமோபிலியா என்பது பெரும்பாலும் தாய்வழியாக மைந்தர்க்கு வரும் நோய். அதன் ஒருவகையில், எட்டாங் காரணி என்னும் புரதக் குறைவால் குருதி உறையாது ஒழுகும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அந்நோய் மிக்கார் ஐவரின் குருதி மூலவணுக்களை எடுத்து, வேண்டிய மரபணுவைத் தீங்ககற்றிய வைரசின் வாயிலாக அவற்றுட் சேர்த்து, மீண்டும் அவர்க்கே செலுத்தினர். அதன்பின் ஐவர்க்கும் குருதிப்போக்கு நின்றமை 2024 டிசம்பரில் வெளியிடப்பட்டது.

இதனால் வினை பொய்த்ததோ எனின், இல்லை என்க. வினை உயிரைப் பற்றியது. உடம்பு சுடலையில் வெந்தொழியினும் வினை வேவதில்லை. மரபணுவோ மாயாகாரியமாகிய சடம். வினைப்பயன் வந்தடையும் வாயில்களுள் ஒன்று. வாயிலொன்றை அடைத்தலால் வினை ஒழிந்துபோகாது. எஞ்சியது பிறிதொரு வாயிலால் வரும். நோய் நீங்கியதும் அவ்வுயிரின் நல்வினைக்கு ஈடாக இறைவன் கூட்டியதே. மருத்துவன் அதற்குக் கருவியாவான்.

‘அங்ஙனமாயின் நோயைத் துய்த்துக் கழித்தலே முறையன்றோ?’ எனின், அற்றன்று. கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்கள் நளிர்சுரத்தால் வருந்தியஞான்று, திருஞானசம்பந்தப்பிள்ளையார் வினையென்று வாளாவிராது திருநீலகண்டத் திருப்பதிகம் அருளி அதனைப் போக்கினார். பிறர் நோய் கண்டு வினைமேல் ஏற்றி அமைதல் சைவர்க்கு வழக்கன்று.

இனி, எவ்வளவிற்கு மாற்றலாம் என்பதே உண்மையான வினா. 2018 நவம்பரில் ஹெ ஜியான்குய் என்னும் சீன ஆய்வாளர், கருவிலேயே மரபணுவை மாற்றியதால் இரட்டைப் பெண்மகவு பிறந்தன என அறிவித்தார். எச்.ஐ.வி. தொற்று வாராமற் காத்தலே அவர் கூறிய நோக்கம். அம்மகவுகட்கு அப்போது நோயில்லை. 2019-இல் அந்நாட்டு நீதிமன்றம் அவர்க்கு மூவாண்டுச் சிறை விதித்தது. வேலூரில் ஐவரும் இசைந்தே ஏற்றனர். மாற்றமும் அவர்தங் குருதியணுக்களளவில் அமைந்தது. கருவில் செய்வதோ, இசையவும் மறுக்கவும் வாய் இல்லாத உயிரின்மேற் செய்வது. வழிவழி மரபிலும் செல்லவல்லது. கருவழிச் செல்லும் இத்தகைய மரபணுச் சிகிச்சையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2019 நெறிமுறையும் விலக்கியுள்ளது.

‘எல்லாம் வினைவழியெனின், அம்மகவுகட்கு வந்ததும் அவற்றின் வினைவழியே, செய்தான்மேற் குற்றம் என்னை?’ எனத் தடை நிகழ்த்துவார்க்கு விடை இது: நுகர்தல் நுகர்வார்க்குப் பிராரத்தம், செய்தல் செய்வார்க்கு ஆகாமியம். கொலையுண்டான் தன் வினைவழிப் பட்டான் என்பதனால் கொன்றான் குற்றத்தினின்றும் நீங்கான். ஆகவே வினைக்கொள்கை செய்வாரது பொறுப்பைக் குறைப்பதன்று, மிகுவிப்பது.

திருப்பாச்சூர் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. மூங்கிற்புதரில் மறைந்திருந்த சிவலிங்கத்தின்மேல், உள்ளிருப்பது அறியாது ஓச்சிய வாசி பட்டுக் குருதி பெருகிற்றென்றும், அதனாலேயே பெருமான் வாசீசர் எனப்பட்டார் என்றும் தலவரலாறு கூறும். வெட்டியவர் குருதி கண்டு நின்றனர். உயிர்தோறும் இறைவன் உள்ளான் என்னும் நமக்கு, அவ்வுயிர் வாழ வரும் உடம்பின் வித்தினை அறுக்குங்கால் அவ்வச்சம் முன்னரே வேண்டும். பிணி தீர்க்கும் அளவிற் கருவியை எடுத்தலும், வாய்பேசா உயிரின் வருங்காலத்தை நம் விருப்பிற்கு வகுக்கும் எல்லையில் அதனை வைத்துவிடுதலும் அறமாம்.