வற்கடத்தில் அறச்சாலை

பொருள்வரவு தளர்ந்த காலத்து அறச்சாலைத் தலைவர் முதற்கண் எதனைக் காத்தல் வேண்டும்? 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது பலரை வருத்திய வினா இது.

திருவீழிமிழலையில் வற்கடம் உற்றபோது, அப்பரும் சம்பந்தரும் இறைவன்பாற் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்தமை பெரியபுராணத்தாற் பெறப்படும். சம்பந்தர் திருமடத்தில் அமுது காலந்தாழ்த்தது. பிள்ளையார் காரணம் வினவினார். காசு வாசியுடைமையை அறிந்தார். அது தீருமாறு இறைவனையே வேண்டினார். அப்பர் பெற்ற காசு வாசியற்றதாயது அவர்தம் கைத்தொண்டினால் என்பர் சேக்கிழார்.

நமக்குப் படிக்காசு ஏது எனின், கொடுப்போர் கொள்ளும் நம்பிக்கையே அஃதென்க. குறையை மறைக்குந் தலைவரிடத்து அது வாசிபடும். குறையை ஆராய்ந்து வெளிப்படுத்தித் தாமும் கைத்தொண்டு புரிவாரிடத்து முழுமதிப்பொடு நிற்கும். ஆதலின், தலைவர் தம் ஆரவாரத்தைச் சுருக்குக; பசித்தார் இலையைச் சுருக்காதொழிக.