கூலி கொடுப்பவரும் ரிஜ்கு அளிப்பவனும்

அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களில் ஒன்று ‘அர்ரஜ்ஜாக்’. படைப்பினங்கள் அனைத்துக்கும் இடைவிடாது உணவளிப்பவன் என்பது அதன் கருத்து. ஸுப்ஹு தொழுத பின் தஸ்பீஹ் மணியை உருட்டியவாறு இத்திருநாமத்தை ஓதுபவர்கள் நம் வீடுகளில் ஏராளம். ஆனால் அதே நாள் காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் முகத்தைச் சுளிக்கிறார். “நாளையிலிருந்து நீ வரவேண்டாம்” என்று சொல்லிவிடுவாரோ என்ற அச்சம் நெஞ்சைக் கவ்வுகிறது. அந்த நேரத்தில், காலையில் ஓதிய திருநாமம் எங்கே போய்விடுகிறது?

அன்புச் சகோதர சகோதரிகளே! குத்திக் காட்டுவதற்காக இதைக் கேட்கவில்லை. அந்த அச்சம் பொய்யானதன்று. ஒருவருடைய வேலை என்பது அவருடைய சம்பளம் மட்டுமல்ல. அது வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக்கட்டணம், வயது முதிர்ந்த தாயின் மருந்து, தங்கையின் நிக்காஹ். ஜும்ஆ முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, “ஹஜ்ரத், துஆ செய்யுங்கள்” என்று கேட்போரின் கவலை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கிறது. ஒன்று, வேலை நிலைக்குமா என்ற கவலை. மற்றொன்று, வேலை இருக்கிறது, ஆனால் மேலே இருப்பவரின் நாவைத் தாங்க முடியவில்லை என்ற வேதனை.

இவ்விரண்டும் ஒரே இடத்தில் ஒன்றுசேர்வதைக் காணவேண்டுமானால் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளைப் பாருங்கள். தோல் ஷாப்புகளையும் ஷூ கம்பெனிகளையும் நம்பி வாழும் ஊர்கள் அவை. 1996ஆம் ஆண்டு தோல் கழிவுநீர் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பாலாற்றைக் காக்க அத்தீர்ப்பு அவசியமாக இருந்தது. ஆனால் ஷாப்பை மூடிவிடுவார்களோ என்ற கவலை கூலிக்காரர் வீடுகளில் குடிபுகுந்தது. 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் மீண்டும் அதே கவலை. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கான இறக்குமதி வரியை அமெரிக்கா 50 விழுக்காடாக உயர்த்தியபோது மறுபடியும் அதே கவலை. தையல் மெஷினின் முன்னால் அமர்ந்திருக்கும் சகோதரி எந்தப் பிழையும் செய்யவில்லை. எங்கோ ஒரு நாட்டில் போடப்பட்ட கையெழுத்து அவளுடைய வீட்டு அடுப்பை அசைக்கிறது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். வெளிநாட்டு வியாபாரி முதலாளியை நெருக்குகிறார். முதலாளி மேனேஜரை நெருக்குகிறார். மேனேஜர் சூப்பர்வைசரிடம் கத்துகிறார். சூப்பர்வைசர் அச்சகோதரியை நால்வர் மத்தியில் ஏசுகிறார். அவள் வீட்டுக்கு வந்து, ஒன்றுமறியாத பிள்ளையை அடிக்கிறாள். ஏசிய சூப்பர்வைசரும் தம் வேலை போய்விடுமோ என்று பயந்தவர்தாம். அந்தப் பயமே வசையாக மாறி மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. யாராவது ஓர் இடத்தில் அதை நிறுத்தியாக வேண்டும். எப்படி நிறுத்துவது?

கப்பாப் பின் அல்அரத் (ரலி) அவர்களின் வாழ்வில் இதற்கு விடை இருக்கிறது. மக்காவில் பட்டறை வைத்து வாள் செய்து கொடுத்த கொல்லர் அவர். இஸ்லாத்தைத் தழுவியதற்காகக் கொடுமை பல அனுபவித்தவர். குறைஷியரில் செல்வாக்கு மிக்க ஆஸ் பின் வாயில் என்பவனுக்கு அவர் ஒரு வாள் செய்து கொடுத்தார். கூலியைக் கேட்கப் போனபோது, முஹம்மதை மறுத்தால்தான் காசு என்றான் அவன். நீ செத்து மீண்டும் எழுப்பப்படும் வரை நான் மறுக்கமாட்டேன் என்றார் கப்பாப் (ரலி). அப்படியா, நான் மீண்டும் எழுப்பப்படும்போது எனக்குப் பொருளும் பிள்ளைகளும் இருக்கும், அங்கே வந்து வாங்கிக்கொள் என்று அவன் ஏளனம் செய்தான். அவனுடைய இந்த அகம்பாவத்தைக் கண்டித்தே மர்யம் சூராவின் 77 முதல் 80 வரையுள்ள வசனங்கள் இறங்கின என்று புகாரீ ஷரீபில் பதிவாகியுள்ளது.

சிந்தித்துப் பாருங்கள்! வியர்வை சிந்திச் செய்த வேலை. நியாயமான கூலி. அது கிடைக்க ஒரு சொல் சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. மறுநாளே அக்கூலி அவர் கைக்கு வந்துவிட்டதாகவும் அந்த ஹதீஸில் இல்லை. ஈமானுள்ளவனுக்கு உடனுக்குடன் பணம் வந்து சேரும் என்று மார்க்கம் ஒருபோதும் ஆசைகாட்டவில்லை. ஆனால் ஆஸ் பின் வாயில் தன் கையில் வைத்திருந்தது சில திர்ஹம்களை மட்டுமே; கப்பாபின் (ரலி) ரிஜ்கை அல்ல. அதை அவர் உறுதியாக அறிந்திருந்தார். கூலி மறுக்கப்பட்ட அதே கொல்லர் தம் முதிர்ந்த வயதில், மண்ணைத் தவிர வேறெங்கும் வைக்க இடமில்லாத அளவுக்குச் செல்வம் வந்துவிட்டதே, நம் நற்கூலியை இவ்வுலகிலேயே பெற்றுக்கொண்டோமோ என்று எண்ணிக் கலங்கினார்.

ஆகவே நாம் மனத்தில் பதிக்கவேண்டியது இதுதான். முதலாளியும் மேனேஜரும் ரிஜ்கு வந்து சேரும் ஒரு வாசல். அதன் சொந்தக்காரன் அல்லாஹ். பூமியில் ஊர்ந்து திரியும் எந்த உயிருக்கும் உணவளிப்பது தன் பொறுப்பு என அவன் திருமறையில் (11:6) அறிவித்திருக்கிறான். வாசலை மதிக்கவேண்டும், வணங்கக்கூடாது. ஒரு வாசல் மூடினால் சொந்தக்காரன் இல்லாமல் போய்விடுவதில்லை. இந்த உறுதி உள்ளத்தில் வந்துவிட்டால் நடைமுறையில் சில காரியங்கள் நம்மீது கடமையாகின்றன.

முதலாவது, மேலே இருப்பவர் எப்படிப்பட்டவராக இருப்பினும் நம் வேலையில் அமானத் தவறக்கூடாது. அவர் என்னை ஏசினார், ஆகவே நானும் வேலையை இழுத்தடிப்பேன், சாமானில் கை வைப்பேன் என்பதற்கு அனுமதியில்லை. மூஸா (அலை) அவர்கள் மிஸ்ரிலிருந்து உயிருக்கு அஞ்சி வெளியேறி, வீடும் வேலையுமின்றி மத்யன் நகரின் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த நிலையிலும் இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டிக் கொடுத்தார்கள். பிறகு நிழலில் ஒதுங்கி, நீ எனக்கு இறக்கியருளும் எந்த நன்மைக்கும் நான் தேவையுடையவன் என்ற கருத்தில் தம் ரப்பிடம் மன்றாடினார்கள். வேலை கேட்டு அவர்கள் வாய் திறக்கவில்லை. அப்பெண்களில் ஒருவரே தம் தந்தையிடம், வலிமையும் நம்பிக்கையும் உள்ள இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று எடுத்துரைத்தார் (28:24-26). கைவலிமையும் அமானத்துமே அன்று அவர்களுக்குச் சிபாரிசாக அமைந்தன. வேலை தேடி அலையும் நம் இளைஞர்கள் மூஸா (அலை) அவர்களின் அந்த துஆவை மனனம் செய்து வழமையாக ஓதிவருவது நன்று.

இரண்டாவது, பேச்சு தெளிவாக இருக்கட்டும். மத்யன் பெரியவர் எட்டு ஆண்டுகள் வேலை என்றார். பத்தாக்கினால் அது உம் விருப்பம், உம்மைச் சிரமப்படுத்த நாடவில்லை என்றார். மூஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வைச் சாட்சியாக்கி அதை ஏற்றுக்கொண்டார்கள் (28:27-28). காலம், கூலி, எல்லை எல்லாம் முதல் நாளே பேசி முடிக்கப்பட்டன. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி பகரா சூராவில் அல்லாஹ் ஏவியிருக்கிறான். நம்மவர்களோ, தெரிந்தவர்தானே, ஜமாஅத்துக்காரர்தானே என்று பத்தாண்டுகள் ஒரு காகிதமும் இன்றி உழைத்துவிட்டு, வெளியேற்றப்படும் நாளில் கையைப் பிசைகிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டங்களின்படி, தொழிலாளிக்கு நியமனக் கடிதம் தரப்பட வேண்டும். வேலையை விட்டு நின்றாலோ நீக்கப்பட்டாலோ சேரவேண்டிய சம்பளத்தை இரண்டு வேலைநாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். இது தவக்குலுக்கு முரணானதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த வழிதான் இது.

மூன்றாவது, பொறுமை என்றால் வாய்மூடிக் கிடப்பது என்று எண்ணாதீர்கள். பிர்அவ்னிடம் போகும்போதும் மென்மையாகப் பேசுங்கள் என்றே மூஸா, ஹாரூன் (அலை) இருவருக்கும் கட்டளை வந்தது (20:44). மென்மையாகப் பேசச் சொன்னானே தவிர, பேசாமல் இருக்கச் சொல்லவில்லை. நம் மேனேஜர் பிர்அவ்னைவிடக் கொடியவரும் அல்லர். நாம் மூஸா (அலை) அவர்களைவிடச் சிறந்தவர்களும் அல்லோம். ஆகவே கோபம் தணிந்த நேரம் பார்த்து, தனியே சந்தித்து, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். டீக்கடையில் அவரைக் கிழித்துத் தொங்கவிடுவது கீபத்தாகும். ஆனால் நீதி செய்யும் அதிகாரமுடையவரிடம் தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை முறையிடுவது கீபத்தில் சேராது என்பதை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது ரியாளுஸ் ஸாலிஹீனில் விளக்கியுள்ளார்கள். வேலைக்குச் செல்லும் நம் சகோதரிகளிடம் எவரேனும் தகாத முறையில் நடந்தால், மானத்துக்கு அஞ்சி மறைக்கவேண்டியதில்லை. பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடங்களில் இதை விசாரிக்கக் குழு அமைக்கப்பட வேண்டும் என 2013ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. குற்றம் செய்தவன்தான் தலைகுனிய வேண்டும், பாதிக்கப்பட்டவள் அல்ல. வீட்டார் இதில் அவளுக்குத் துணை நிற்கவேண்டும்.

நான்காவது, கடுமைக்கும் பாவத்துக்கும் வேறுபாடு தெரியவேண்டும். கடுகடுப்பான மேனேஜரின் கீழ் ஹலாலான வேலை செய்வது சிரமமே தவிர, பாவமில்லை. வேறு வழி தேடிக்கொண்டே அதைச் சகிக்கலாம். இராத்திரி வந்த கோபத்தில் காலையில் சாவியை எறிந்துவிட்டு வருவது வீரமாகாது. வேறு இடம் விசாரியுங்கள், இஸ்திகாரா செய்யுங்கள், சிறுதொகையேனும் மாதந்தோறும் ஒதுக்கி வையுங்கள், பிறகு கண்ணியமாக விடைபெறுங்கள். ஆனால் பொய்க்கணக்கு எழுது, எடையைக் குறை, கலப்படத்தை மறை என்று ஏவினால் அங்கே கீழ்ப்படிதல் கிடையாது. படைத்தவனுக்கு மாறுசெய்து படைப்புக்கு வழிப்படுவது மார்க்கத்தில் இல்லை. கப்பாப் (ரலி) அவர்கள் நின்ற இடம் அதுதான். அதில் நமக்கு நஷ்டம் வரலாம். நாம் இழப்பது கூலியை மட்டுமே; ரிஜ்கின் சொந்தக்காரனை அல்ல.

இங்கே வீட்டிலிருப்போரின் பங்கு பெரிது. முன்னோர் காலத்தில் ஆண்மகன் சம்பாதிக்கப் புறப்படும்போது மனைவியோ மகளோ அவரிடம், ஹராமான சம்பாத்தியத்தை அஞ்சிக்கொள்ளுங்கள், பசியைத் தாங்குவோம், நரக நெருப்பைத் தாங்கமாட்டோம் என்று சொல்லி அனுப்புவது வழக்கம் என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதியுள்ளார்கள். நம் வீட்டு வாசலில் இன்று என்ன சொல்லி அனுப்புகிறோம்? அடுத்த வீட்டுக்காரர் வாங்கிய காரைப் பற்றியா? வேலையை இழந்து நிற்பவரிடம், “நீங்கள் திறமையில்லாதவர்” என்று சொல்லும் ஒரு சொல், மேனேஜரின் நூறு வசைகளைவிட ஆழமாக இறங்கும். அதுபோல், வெளியே பட்ட அவமானத்தை மனைவி மக்கள்மீது கொட்டும் ஆண்மகனும், தான் வெறுக்கும் அந்த மேனேஜராகவே வீட்டுக்குள் நுழைகிறார். அனஸ் (ரலி) அவர்கள் பத்து ஆண்டுகள் பெருமானாருக்கு (ஸல்) பணிவிடை செய்தார்கள். அத்தனை காலத்தில் ‘சீ’ என்றுகூட ஒரு சொல் அவர்கள் கேட்டதில்லை.

இறுதியாக, இதைப் படிப்போரில் முதலாளிமாரும் மேனேஜர்களும் இருப்பீர்கள். உங்களுக்கும் ஒரு சொல். அபூமஸ்ஊத் (ரலி) அவர்கள் தம் அடிமையைச் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அண்ணலார் (ஸல்) அவர்கள்! இவன்மீது உமக்குள்ள ஆற்றலைவிட உம்மீது அல்லாஹ்வுக்குள்ள ஆற்றல் மிகப்பெரிது என்று எச்சரித்தார்கள். அபூமஸ்ஊத் (ரலி) அந்த இடத்திலேயே அடிமையை உரிமை விட்டார்கள். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வாதியாக நிற்பான் என்றும் புகாரீயில் வந்துள்ளது. ஆர்டர் குறையலாம், ஆட்களைக் குறைக்கும் நிலையும் வரலாம். அப்போது முன்கூட்டியே சொல்லுங்கள், பாக்கியை எண்ணிக் கொடுங்கள், கண்ணியமாக அனுப்புங்கள். அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் திரையில்லை. தையல் மெஷினின் முன்னால் கண்ணீரை விழுங்கும் அந்தச் சகோதரியின் மௌனமும் அவன் சன்னிதானத்தில் ஒரு முறையீடுதான்.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் ஹலாலான, விசாலமான ரிஜ்கை அருள்வானாக! வேலையிழந்தோருக்குச் சிறந்த வாசலைத் திறப்பானாக! நமக்கு மேலிருப்போரின் உள்ளங்களை இளகச் செய்து, நமக்குக் கீழிருப்போரிடம் நம்மையும் இளகியவர்களாக ஆக்குவானாக! ஆமீன்.